அம்மா உட்காரும் நாற்காலி

பல்லு ஈரத்தைத் துடைக்கிற காஸ் துணியைச் சின்னச் சின்னதா வெட்டி டப்பாவுல அடுக்கிக்கிட்டே, நடுநடுவுல கையைத் துடைச்சுட்டு இதை எழுதுறேன். பிள்ளைங்க பல்லு சொத்தையாகாம இருக்க ஃப்ளூரைடு வார்னிஷ்னு ஒரு மருந்து பூசுறாங்கல்ல, அந்த முகாமுக்கு நான் உதவியாளு. பூசுறது ரெண்டு நிமிஷம். வாயைத் திறக்க வைக்கிறதுதான் சோலி. தெனமும் காலையில பல்லு விளக்கிவிட மல்லுக்கட்டுற உங்களுக்கு நான் சொல்லவா வேணும்?

ரெண்டு நாற்காலியை முட்டியும் முட்டியும் இடிக்கிற மாதிரி எதிரெதிரா போடுவோம். ஒண்ணுல டாக்டரம்மா, ஒண்ணுல பிள்ளையோட அம்மா. தலை டாக்டரம்மா மடியில, காலு அம்மா மடியில. பயந்துபோற அம்மாமாருக்குப் பதிலா நான் உக்காந்து காலைப் பிடிச்சுக்குவேன்.

விழுற பல்லு

தாண்டிக்குடியில காப்பித் தோட்டத்து ஆளு ஒருத்தர் மகனைத் தூக்கிட்டு வந்தார். பால் பல்லுக்குத்தான் பூசுறோம்னதும் கெளம்பப் பார்த்தார். "விழப்போற பல்லுக்கு எதுக்கு மருந்து?"ன்னு கேட்டார். இதுல சொத்தை விழுந்தா பிள்ளை வலியில சோறு திங்காது, அடியில இருக்குற பல்லுக்கும் கெடுதல்னு டாக்டரம்மா பொறுமையாச் சொன்னாங்க. மகன் வாயைத் திறந்து பார்த்துட்டு அவர் சொன்னார்: "காப்பிப் பூவும் நாலு நாள்ல உதிரத்தான் போகுது. அதுக்கு மழை பெய்யலைன்னா நாங்க பதறலையா? பூசுங்க."

மஞ்சப் பல்லு

பூசினதும் பல்லு லேசா மஞ்சளாத் தெரியும். மறுநாள் விளக்கினாப் போயிரும். பாச்சலூர்ல இதை எல்லார்கிட்டயும் சொன்னேன். எனக்குக் குரல் எழும்பாது, ஒரு அக்காவுக்குக் கேக்கல போல. போன வேகத்துல மகனை இழுத்துக்கிட்டுத் திரும்பி வந்துட்டாங்க. "வெள்ளையாக் கூட்டியாந்த பிள்ளைய மஞ்சளாக்கி அனுப்புறீங்களே! சாயங்காலம் நாத்தனார் வீட்டுல காதுகுத்து, போட்டோ எடுக்கணும்."

சுரண்டிராதீங்கக்கா, நாளைக்குச் சரியாயிரும்னு கெஞ்சினேன். அவங்க என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு மகன் பக்கம் திரும்பினாங்க. "ஏலே, போட்டோவுல வாய மூடிக்கிட்டு வெறப்பா நில்லு. போலீஸு வேசம்னு சொல்லிக்கலாம்."

பால் பாட்டில்

கொடைக்கானல் டவுன்ல, என் வயசுல ஒரு பொண்ணு. அவ பிள்ளைக்கு முன்பல்லுல ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு. சொத்தை அங்கதான் தொடங்கும். கோடா இருக்கும்போதே பூசினா தடுக்கப் பாக்கலாம். குழி விழுந்தா வேற வைத்தியம். பாட்டில்ல சீனிப் பாலை ஊத்தி வாயில வச்சுத் தூங்க வைக்காதீங்கன்னு சொல்றது என் வேலை. சொன்னேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு மெதுவாக் கேட்டா: "உங்க பிள்ளைக்கு நீங்க குடுத்ததே இல்லையாக்கா?"

இன்னைக்கு

குடுத்தேன். வட்டக்கானல்ல ஒரு கெஸ்ட் ஹவுஸுல போர்வை தொவைக்கப் போன காலத்துல, அழாமக் கெடக்கட்டும்னு மகளுக்கு அப்படித்தான் குடுத்தேன். இப்ப அவளுக்கு நாலு வயசு. அவ முன்பல்லுலயும் வெள்ளைக் கோடு; ஒண்ணுல அது பழுப்பாத் தெரியுது. இன்னும் கோடுதானா, குழியாயிருச்சான்னு டாக்டரம்மாதான் சொல்லணும். ஊருக்கெல்லாம் சொல்றவ தன் பிள்ளைய இப்படி விட்டிருக்காளேன்னு நெனைப்பாங்கன்னு கூச்சப்பட்டு, மூணு முகாமுக்கு அவளைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்தேன்.

இன்னைக்கு வெள்ளனே குளிக்கவச்சுக் கூட்டியாந்துட்டேன். பெஞ்சு ஓரத்துல காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. டாக்டரம்மா பேரு கூப்புடுற சீட்டுல கடைசியா அவ பேரை நானே எழுதினேன். யாரு பிள்ளைன்னு சொல்லல. எனக்கு மகள் இருக்கான்னு டாக்டரம்மாவுக்குத் தெரியும், பேரு தெரியாது.

ஊர்ப் பிள்ளைகளுக்காக எத்தனையோ தடவை உக்காந்த நாற்காலிதான், ஆனா இன்னைக்கு அது மட்டும் ரொம்பத் தூரத்துல கெடக்குற மாதிரி இருக்கு, "தர்ஷினி! தர்ஷினியோட அம்மா யாருங்க, வெரசா வாங்க"ன்னு டாக்டரம்மா கூப்புடுறாங்க, நான்தாங்கன்னு சொல்லிட்டு இந்தப் பேனாவை மூடி வச்சுட்டு அவ கையைப் பிடிச்சு