வெட்டாமல் நின்ற இடம்

என் தங்கை மகளுக்கு ஐந்து வயது. பார்க்கிறவர்கள் மூன்று என்பார்கள். கை விரல்கள் குட்டை, மூக்கின் மேல் தடித்த கண்ணாடி, அடிக்கடி காய்ச்சல். வாய் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்திருக்கிறது. கள்ளக்குறிச்சியில் நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். வகுப்புக்குள் நுழைந்தால் சத்தம் அடங்கிவிடும். இவளோ, கல்வராயன் மலையடிவாரத்தில் தங்கை வீட்டு வாசலில் நான் வண்டியை நிறுத்துவதற்குள், "ஏய் டீச்சர், இன்னா வாங்கியாந்த?" என்பாள். திட்ட வாயெடுப்பேன், சிரிப்பு முந்திக்கொள்ளும்.

அவள் ஏன் வளரவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. சத்துமாவு, டானிக், மந்திரித்த கயிறு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தாய், தகப்பன், பிள்ளை மூவரின் ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார், ஆனால் பாதிக்குமேல் ஆங்கிலம். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் நன்றாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "எங்களுக்குப் புரியற மாதிரி நீயே சொல்லுக்கா" என்று அதை என் தலையில் கட்டினார்கள்.

விஷயம் இன்ட்ரான் பற்றியது. இன்ட்ரான் பாடத்தை ஆண்டுதோறும் அரை பீரியடில் முடித்துவிடுகிற ஆள் நான். மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுக்கப்படுகிறது. நகலின் நடுநடுவே புரதம் செய்யத் தேவைப்படாத துண்டுகள் இருக்கும், அவை இன்ட்ரான்கள். ஸ்ப்ளைசோசோம் என்ற மூலக்கூறுக் கூட்டம் அவற்றை வெட்டியெடுத்து மிச்சத்தை ஒட்டும். மணி அடித்தால் பாடம் முடிந்தது. ஆனால் இன்ட்ரான்களில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத ஒரு வகை உண்டு. அவற்றின் எல்லையைக் காட்டும் மரபணு எழுத்துகளே வேறு. பெரிய ஸ்ப்ளைசோசோம் அவற்றைக் கண்டுகொள்ளாது. அவற்றுக்கென்றே செல்லுக்குள் தனியாக ஒரு சிறிய ஸ்ப்ளைசோசோம் இருக்கிறது. அதில் வேலை செய்யும் ஒரு குட்டி ஆர்.என்.ஏ.தான் எங்கள் பிள்ளைக்குப் பழுது. இதெல்லாம் நான் நடத்தும் பாடத்தில் கிடையாது, தேடித்தேடிப் படித்தேன். அந்தச் சிறிய ஸ்ப்ளைசோசோம் மனிதனிலும் இருக்கிறது, மரவள்ளிச் செடியிலும் இருக்கிறது, எத்தனையோ யுகமாக அந்தச் சில இடங்களுக்காக மட்டுமே உழைத்துக்கொண்டிருக்கிறது. படிக்கப் படிக்க அதன் மேல் எனக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்துக்குப் போனேன். தங்கை வீட்டுக்காரர் எங்கள் அத்தை மகன்தான். அக்கா தங்கை இருவருக்குமே அவர் மாமா. மலையிலிருந்து மரவள்ளி ஏற்றிவரும் குட்டியானை வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தங்கை வேகவைக்கக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். பிள்ளை என் மடியில் ஏறிக் கைப்பையைக் குடைந்தது.

"பயப்படாதடி," என்றேன், வகுப்பில் பேசுகிற அதே தெளிவோடு. "செல்லுக்குள்ள வெட்டுற வேலைன்னு ஒண்ணு நடக்குது. அந்த வெட்டுறதுல ஒரு தப்பு. உன் வயித்துல இருந்தப்பவே ஆரம்பிச்சிருக்கு. அதான் இவ வளரல."

தங்கை கத்தியைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப டாக்டருக்கும் தெரிஞ்சு போச்சாக்கா?"

"இன்னாடி தெரியணும்?"

"கிரகணத்தன்னிக்கு நான் வெட்டுனது."

கிரகண நேரத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரி எதையும் வெட்டக் கூடாது, வெட்டினால் பிள்ளைக்கு எங்காவது வெட்டு விழும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அன்றைக்கு அத்தை இவளை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார். புண்ணியவதி, மாங்காய் கொட்டி வைத்திருந்த அறைக்குள்ளேயே சாத்தியிருக்கிறார்.

"வாசன தாங்க முடியலக்கா. கத்தி ஜன்னல்லயே இருந்துது. ஒண்ணே ஒண்ணுதான் வெட்டுனேன். இவ வெரலப் பாக்கறப்பல்லாம், நாந்தான் நறுக்கிட்டேன்னு..."

மாங்காய் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று இத்தனை வருஷம் அவள் சொல்லி வந்ததை நாங்களும் நம்பினோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மூடநம்பிக்கை என்று கத்தியிருப்பேன். அந்த வார்த்தையை அவளும் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். அது அவளுக்கு ஒத்தாசை செய்யவில்லை. அதனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லா கேளு. இவளுக்கு வந்தது வெட்டுனதால வந்தது இல்ல. வெட்டாததால வந்தது. வெட்டி எடுக்க வேண்டிய துண்டு இவ செல்லுல நெறைய எடத்துல வெட்டாம அப்படியே நிக்குது."

"வெட்டு விழவே இல்லியா?"

"விழ வேண்டிய வெட்டுதான்டி விழல."

அவள் என்னையே பார்த்தாள். "அப்ப யாரால வந்துது?"

"பழுதான மரபணு உன்கிட்ட ஒண்ணு, மாமாகிட்ட ஒண்ணு. ஒண்ணு மட்டும் இருந்தா ஒண்ணும் ஆவாது, ரெண்டும் இவகிட்ட சேர்ந்துடுச்சு. ஒரே குடும்பம், எனக்கும் இருக்கலாம். நீ பொறக்கும்போதே உன்கிட்ட இருந்தது. கிரகணம் இன்னா பண்ணும்?"

மாமா ஈரக் கையோடு வந்து நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். "பாதி என்னுதுன்ற, டீச்சரம்மா?" என்றார். "அப்ப இன்னாத்துக்கு இவ மட்டும் இத்தினி வருஷமா அழுதுக்கினு கெடந்தா?" அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வைத்த கத்தியை எடுத்துக் கிழங்கைச் சீவ ஆரம்பித்தார். சீவத் தெரியவில்லை; பாதிக் கிழங்கு தோலோடு போயிற்று.

இதற்கு மருந்து இல்லை என்பதையும் சொன்னேன். கண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே ஓட வேண்டும், உயரம் இவ்வளவுதான் இருக்கும். தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கி, அந்தக் குட்டை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"அக்கா," என்றாள். "அந்த மாங்கா இன்னா ருசி தெரியுமா!"