சிகாகோவில் பொழுது சாயும் நேரம்

எட்டு வயதில் எனக்குச் செஞ்சியைவிடச் சிகாகோ நன்றாகத் தெரியும். எங்கள் ஊர் தபால் ஆபீசுக்கு வழி கேட்டால் விழிப்பேன். சிகாகோவின் ஏரிக்கரைக்கு எந்த ரயிலில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். எல்லாம் மாமா எழுதிய கடிதங்களின் புண்ணியம்.

மாமா என்றால் அத்தையின் கணவர். அத்தை என் அப்பாவின், அதாவது நைனாவின் தங்கை. கல்யாணமான ஆறாம் மாதமே மாமா மேல்படிப்புக்கு அமெரிக்கா போனார். வீடு பார்த்ததும் அத்தையை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. அதுவரை அத்தை எங்களோடு இருந்தாள். மாதம் ஒரு நீலநிற ஏர்மெயில் கடிதம் வரும். நாங்கள் சமணர்கள், இருட்டுவதற்குள் சாப்பிட்டுக் கை கழுவிவிடுவோம். சாப்பாட்டுக்கும் இருட்டுக்கும் நடுவே மிஞ்சுகிற அரை மணியில் அத்தை முற்றத்தில் உட்கார்ந்து கடிதத்தை உரக்கப் படிப்பாள்.

அந்த ஊரில் தெருவுக்கு மேலே இரும்புக் கால்கள் நட்டு அதன்மேல் ரயில் ஓடுமாம். மாடி வீட்டு ஜன்னல்களை உரசிக்கொண்டு நகரத்தின் நடுவை ஒரு சுற்றுச் சுற்றிவருமாம். கப்பல் வந்தால் ஆற்றுப்பாலம் இரண்டாகப் பிளந்து மேலே எழும்பி வழிவிடுமாம். மியூசியத்தில் யானையைவிடப் பெரிய மிருகத்தின் எலும்புக்கூடு நிற்குமாம். ஏரிக்கு மறுகரையே தெரியாது. அலை அடிக்கும், ஆனால் தண்ணீர் கரிக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையும் நானும் கோட்டைக்குப் போய் அந்த ஊரில் வாழ்ந்தோம். கல்யாண மகால்தான் ரயில் ஸ்டேஷன். செட்டிக்குளம் ஏரி. நெற்களஞ்சியம் மியூசியம். ராஜகிரி உச்சிக்கு முன்னால் பள்ளத்தின்மேல் கிடக்கும் மரப்பாலம், கப்பலுக்குத் திறக்கும் பாலம். அதன் முன்னால் அத்தை என் கையைப் பிடித்து நிறுத்துவாள்.

“இருடி, கப்பல் போவட்டும்.”

கண்ணை மூடிக்கொள்வோம். காற்றில் அவள் புடவை படபடக்கும். எனக்கு நிஜமாகவே சங்கு ஊதும் சத்தம் கேட்கும். கண்ணைத் திறந்தால் கீழே வயல்களெல்லாம் தண்ணீராகத் தெரியும். அதன்பிறகு எத்தனையோ ஊர்களை டிக்கெட் வாங்கிச் சுற்றியிருக்கிறேன். அந்தச் சந்தோஷம் வரவில்லை.

கார்த்திகையில் வந்த கடிதம் அம்மாவைக் கலவரப்படுத்திவிட்டது. அங்கே குளிர்காலத்தில் நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும் என்று மாமா எழுதியிருந்தார்.

“இன்னாது! அப்போ மத்தியானச் சோத்தையும் ராத்திரிச் சோத்தையும் ஒண்ணாவா துன்றது?” என்றாள் அம்மா.

“மூணு மணிக்கே சாப்ட்டுடுவேன் அண்ணி. பழகிட்டா செரியாப் போயிடும்” என்றாள் அத்தை.

சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாளிலிருந்து மூன்று மணிக்கே தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் நாங்கள் சாப்பிடும்போது அவள் சிகாகோவில் இருட்டிவிட்டது என்று சொல்லிச் சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம்.

எனக்கு ஸ்டாம்ப் சேர்க்கும் பைத்தியம். ஏர்மெயில் கடிதத்தில் ஸ்டாம்பைத் தாளிலேயே அச்சடித்திருப்பார்கள். வெட்டினால் பின்பக்கம் இருக்கும் எழுத்தும் போய்விடும் என்று அத்தை ஒன்றைக்கூடத் தந்ததில்லை. மார்கழியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கேட்காமலே கையில் ஒரு ஸ்டாம்பை வைத்தாள். கத்தரியால் நறுக்காக வெட்டியிருந்தாள். அவள் மனம் மாறுவதற்குள் சோற்றுப் பருக்கையை நசுக்கி நோட்டில் ஒட்டிவிட்டேன். அன்று சாயங்காலம் அத்தை எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

தையில் அடுத்த கடிதம் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வந்ததாம். அத்தை படித்தபோது தாளின் ஓட்டை வழியாக அவள் மூக்குத்தி மின்னியது. இந்த ஸ்டாம்பையும் எனக்காக வெட்டி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சிகாகோ இதுவரை இல்லாத அழகோடு இருந்தது. ரயில் ஏரிக்கரை வரைக்கும் வந்தது. பனி மல்லிகைப் பூவாக உதிர்ந்தது. மாமா ஏரிக்கரையில் வெயிலில் உட்கார்ந்து ஏழு மணிக்குச் சாப்பிட்டார்.

“ஏழு மணிக்கா? அங்க நாலரைக்கே இருட்டிடும்னு மாமாதானே எழுதினாரு?” என்றேன் நான். கரைத்துக் குடித்தவள் அல்லவா!

அத்தை படிப்பதை நிறுத்திவிட்டாள். அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். நைனா கையை நீட்டினார். அத்தை சற்று நேரம் கழித்துத்தான் கடிதத்தைக் கொடுத்தாள். நைனா அதை வெளிச்சத்துக்குக் காட்டி வெகுநேரம் படித்தார். ஓட்டையைக் கட்டைவிரலால் தடவினார். மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அத்த செரியாத்தான் படிக்குது. ஏழுன்னுதான் போட்டிருக்குது. நீ சும்மா கெட.”

அதோடு கடிதம் படிப்பது நின்றது. கோடையில் அத்தை டீச்சர் டிரெயினிங்குக்குத் திண்டிவனம் பஸ் ஏறினாள். நைனாதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டார்.

போன வருஷம் அந்த நோட்டைப் பிரித்தபோது, அத்தை தந்த அந்த ஒரே ஸ்டாம்ப் பசை காய்ந்து உதிர்ந்து மடியில் விழுந்தது. திருப்பிப் பார்த்தேன். மாமாவின் கையெழுத்தில், மங்கிய நீல மையில் இரண்டே சொற்கள் இருந்தன: “காத்திருக்க வேண்டாம்.”

நைனா ஏழு என்று சொன்ன அந்தச் சாயங்காலம் முற்றத்தில் நான் அழுதேன். நைனாவோடும் அத்தையோடும் மூன்று நாள் பேசவில்லை. சிகாகோவில் நாலரைக்கே இருட்டிவிடும் என்று நான் சொன்னதுதான் சரி. அதை ஒருவர்கூட ஒப்புக்கொள்ளவில்லை.