சிட்ருலினும் மேல்முறையீடும்

மருத்துவக் குழு தன் முடிவைப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். நோயாளி வாயால் சொல்வதை மட்டும் வைத்து எழுதக் கூடாது. மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஓய்வூதியர் மருத்துவ உதவித் திட்டத்தின் விதி இது. பணியில் இருந்தபோது புதிய எழுத்தர்களுக்கு இதை நானே வகுப்பெடுத்திருக்கிறேன். யாரும் தூங்கியதாக நினைவில்லை. விழித்திருந்ததாகவும் இல்லை.

என் மனைவியால் காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை. வயதாகிவிட்டது, வாயு என்று அவளே தீர்ப்பெழுதி, தைலம் தேய்த்து ஒரு வருடத்தை ஓட்டினாள். விரல் கணுக்கள் வீங்கிய பிறகுதான் அவிநாசியிலிருந்து பஸ் ஏறி ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மூட்டு மருத்துவரிடம் போனோம். ரத்தப் பரிசோதனை பார்த்து முடக்குவாதம் என்றார்.

அவர் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். உடம்பின் புரதங்களில் ஆர்ஜினின் என்று ஒரு சிறு பகுதி உண்டு. ஒரு நொதி அதைச் சிட்ருலினாக மாற்றுகிறது. தோல் உறுதியாவதற்கே இந்த மாற்றம் தேவை, அதில் தவறில்லை. சிலருக்கு மட்டும், பரம்பரையாலோ புகைபிடிப்பதாலோ ஈறு நோயாலோ, நோய் எதிர்ப்பு அமைப்பு மாறிய புரதத்தை அந்நியன் என்று நினைத்துவிடுகிறது. அதை எதிர்க்கும் பொருள், மூட்டு வலிப்பதற்குப் பல வருடங்கள் முன்பே ரத்தத்தில் சேரத் தொடங்குமாம். அலுவலக பாஷையில் சொன்னால், அதே ஊழியர், அதே நாற்காலி, பதவிப் பெயரில் ஒரு சின்னத் திருத்தம். சுற்றறிக்கை வாசல் காவலருக்குப் போய்ச் சேரவில்லை. அவர் ஊழியரை அடித்து நாற்காலியையும் உடைக்கிறார்.

என் மனைவிக்கு ஈறில் ரத்தம் வரும். பல் ஆடாதவரை பல் மருத்துவரிடம் போவதில்லை என்பது அவள் கொள்கை. அதுதான் காரணமா என்று கேட்டேன். ஒரு தனி ஆளுக்கு இதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்றார் மருத்துவர்.

மாத்திரைகளுக்கு நோய் கேட்கவில்லை, அவை ஈரலைத்தான் தொந்தரவு செய்தன. ஊசி மருந்துக்கு எழுதினார். காலமெல்லாம் கைக்காசில் வாங்கக்கூடிய மருந்தல்ல. திட்டத்தின் ஒப்புதல் வேண்டும். மனைவி பெயரில் மனு போட்டேன்.

"சீக்கிரம் வாங்கிப்போடுங்க சார்," என்றார். "கெட்டுப்போன மூட்டைத் திருப்பிக் குடுக்க மருந்து கெடையாதுங்க. கெடறதுக்கு முன்னாடி நிறுத்தத்தான் இருக்குது."

மருத்துவக் குழு எங்களை அழைத்தது. ரத்த அறிக்கை, ஈரல் அறிக்கை, மருத்துவர் கடிதம் என்று எல்லாவற்றுக்கும் பக்க எண் போட்டு எடுத்துப்போனேன். உடன் வருபவர் பேசக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அதை மட்டும் அன்று கறாராகக் கடைப்பிடித்தார்கள்.

"ஏனுங்கம்மா, எப்படி இருக்கீங்க?" என்றார் நடுவில் இருந்த டாக்டர், கோப்பைத் திறக்காமலே.

"நல்லா இருக்கறனுங்க," என்றாள் மனைவி.

"ஊட்டு வேலையெல்லாம் நீங்களே பாத்துக்குவீங்களா?"

"அதெல்லாம் பாத்துக்குவனுங்க. ஒண்ணும் கொறையில்லீங்க. நேரமாச்சுங்களே, நீங்கெல்லாம் சாப்ட்டீங்களா?"

குழுவே சிரித்தது. டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவர் நலம் கேட்டால் இதுதான் பதில். சாகக் கிடப்பவரும் இதைத்தான் சொல்வார். சொல்லிவிட்டு, வந்தவருக்குக் காப்பி கொடுத்தார்களா என்று விசாரிப்பார்.

"எதுக்கு அப்படிச் சொன்னே?" என்றேன் வெளியே வந்ததும்.

"பின்னே? மொகந்தெரியாதவங்ககிட்டப் போயி, காப்பி டம்ளரப் புடிக்கமாட்டாம கீழ போட்டுபோட்டேன், எம்பட ஊட்டுக்காரருதான் பாத்திரம் தேய்க்கறாருன்னு சொல்லோணுங்களா? உங்குளுக்குத்தான் கேவலம்."

மறுப்பு மட்டும் வேகமாக வந்தது. மனுதாரர் தமது வேலைகளைத் தாமே செய்துகொள்வதாகத் தெரிவித்துள்ளபடியால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. ரத்த அறிக்கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. விதியைச் சுட்டிக்காட்டி அன்றே மேல்முறையீடு அனுப்பினேன்.

ஒரு மாதம் தாண்டியது. அடுத்தடுத்த மாதங்களும் தாண்டின. அவள் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கின. சேலை மடிப்பு பிடிக்க முடியாமல் நைட்டிக்கு மாறினாள். தலை வாரிவிடக் கற்றுக்கொண்டேன். வகிடு நேராக வரவில்லை. பிறகு, சோற்றைப் பிசைய வரவில்லை என்று ஸ்பூன் கேட்டாள். அதைச் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போன் செய்தேன். "ஃபைலு பார்வைல இருக்குதுங்க சார்," என்றார் எழுத்தர். "நீங்களே சர்வீஸ்ல இருந்தவங்க. உங்குளுக்குத் தெரியாததுங்களா?"

"தெரியறதுனாலதானுங்க பயமா இருக்குது," என்றேன்.

அதன் பிறகு, கையைப் புதிதாக எக்ஸ்ரே எடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஆர்.எஸ்.புரம் மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கணுக்களில் எலும்பு அரித்துப் போயிருந்தது.

"வெரலு இனி இப்படித்தானுங்க சார். மருந்து வந்தா முழங்காலு, தோளையாவது பாத்துக்கலாம்."

அவள் தன் கைகளை நைட்டி மேல் போர்த்தியிருந்த துண்டுக்குள் இழுத்துக்கொண்டாள். வீடு வரும்வரை வெளியே எடுக்கவில்லை. அந்தப் படத்தை அனுப்பிவைத்தேன்.

பதில் பதிவுத் தபாலில் வந்தது. மனுதாரரின் கை எலும்புகளில் நிரந்தரச் சேதம் உறுதிசெய்யப்பட்டுள்ளதால், மேல்முறையீடு ஏற்கப்பட்டு ஊசி மருந்துக்கு ஒப்புதல் அளிக்கப்படுகிறது. கடிதத்தில் போட்டிருந்த தேதி ஜூன் முப்பது. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தது ஆகஸ்ட் பதினொன்று.