மாட்டு ரெண்டாங் கட்டுரை

மலேசியாவில் போர்டிக்சன் பக்கம் ஓர் இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழி கற்பிக்கிறேன். கட்டுரை திருத்தும்போது எனக்குச் சிரிப்பு வருவது அபூர்வம். அன்று வந்தது. குடியிருப்பில் நடந்த கோத்தோங் ரோயோங் கூட்டுப்பணி பற்றி ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். தேடினாலும் ஒரு பிழை இல்லை. ஊர்கூடி சூராவ் தொழுகைக்கூடத்தைச் சுத்தம் செய்ததாம். மதியம் எல்லாருக்கும் மாட்டு ரெண்டாங் என்ற மாட்டிறைச்சிக் கறி சமைத்துப் போட்டவர் அவள் அம்மாவாம். அந்த அம்மாவை எனக்குத் தெரியும். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர், வெள்ளிக்கிழமையில் முட்டைகூடத் தொடமாட்டார். அவர்கள் வீட்டுக்கு எதிரே இருப்பது மாரியம்மன் கோயில்.

ஏஐ எழுதிக் கொடுத்ததுதான், இதில் துப்பறிய என்ன இருக்கிறது? "சைபர் போட்டு அனுப்புங்க லா," என்றார் பக்கத்து மேசை ஆசிரியர். நான் அவளைக் கூப்பிட்டேன்.

"உங்கம்மா எப்ப மாட்டு ரெண்டாங் சமைச்சாங்க?"

அவள் முகம் வெளிறியது. "நல்ல கராங்கான் கட்டுரைன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன் டீச்சர். புக்குலயும் சூராவ்தானே இருக்கு?"

இருக்கிறதுதான். மனப்பாடம் செய்யச் சொல்லி நாங்கள் கொடுக்கும் மாதிரிக் கட்டுரைகள் எதிலும் மாரியம்மன் கோயில் இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

மலாயில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். பள்ளியிறுதிச் சான்றிதழே கிடையாது. ட்யூஷனுக்குப் பாரோய் வரை போக அவளுக்கு வழியில்லை. பாரோய்ப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் சார் செய்வதை இவளுக்குக் கைப்பேசியிலுள்ள ஏஐ செய்கிறது. புரியாததைத் தமிழில் விளக்குகிறது, எத்தனை முறை கேட்டாலும் என்னைப் போல எரிந்து விழுவதில்லை. அதைத் தொடாதே என்று நல்லபிள்ளையாக உபதேசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தேர்வு மண்டபத்துக்குள் கைப்பேசி வராது. எல்லாவற்றையும் அதுவே எழுதித் தந்தால் அங்கே இவள் வெறுங்கையோடு உட்கார வேண்டும். அதைவிட, கட்டுரையில் தன் அம்மா வேறு யாரோ ஆகிப்போனது இவளை உறுத்தவே இல்லையே என்பதுதான் எனக்கு வலித்தது.

"உங்க தோட்டத்துல நெசமா நடந்தத எழுதிட்டு வா. நீயே எழுதணும்."

மறுநாள் அரைப்பக்கம் கொண்டுவந்தாள். திருவிழாவுக்கு முன் கோயிலைக் கழுவும்போது குரங்கு ஒன்று வாழைச்சீப்பைத் தூக்கிக்கொண்டு ஓட, அம்மா துடைப்பத்தோடு துரத்தினாராம். வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் வரிக்கு வரி பிழை. ரெண்டாங் கட்டுரைக்கு 'ஏ' கிடைத்திருக்கும்; இது தேறாது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"பெயிலா டீச்சர்?"

"இப்போதைக்கு," என்றேன். தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அதே கட்டுரை திரும்பி வந்தது. பிழைகள் பாதிக்குமேல் குறைந்திருந்தன. குரங்கும் துடைப்பமும் அப்படியே இருந்தன.

"மறுபடியும் ஏஐயா?"

"ஆமா டீச்சர்." இந்த முறை அவள் பயப்படவில்லை. "தப்ப மட்டும் காட்டுன்னு கேட்டேன். அது மறுபடியும் சூராவ்னு மாத்திருச்சு. கோயில தொடாத, எங்கம்மாவயும் தொடாதன்னு சொல்லிட்டு, நானே திருத்தி எழுதுனேன்."