உறையாத எண்ணெய்

மாத்தளைக் கடைவீதியில் அன்று என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கந்தோரில் மேசை வேலையை விட்டுவிட்டு நாவுலையில் எள் விதைத்தவள். வெயிலுக்கும் மாடுகளுக்கும் தப்பிய முதல் விளைச்சல், முதல் செக்கு எண்ணெய். எண்ணெய்க்கடை நானா சரி என்றால் அத்தனையும் அவருக்கே. இல்லையென்றால் மாத்தளை முழுக்கப் பேர் கெடும்.

காலையில் கொடுத்த போத்தலை அவர் பிரிஜ்ஜிலிருந்து எடுத்துச் சரித்தார். எண்ணெய் வழுக்கி ஓடியது.

"கலப்படம் தங்கச்சி. சுத்தமான எண்ணெய்னா உறையணும். எங்க வாப்பா காலத்துல இருந்தே இப்படித்தான் பாக்கிறோம்."

"அது தேங்காய் எண்ணெய்க்கு நானா. எள்ளுக்கும் தென்னைக்கும் என்ன கல்யாண சம்பந்தமா?" என்றாள் மனைவி.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். வாய் சும்மா இருக்குமா? சொன்னேன். தேங்காய்க் கொழுப்பில் பெரும்பகுதி நேரான சங்கிலிகள். விறகுக்கட்டு மாதிரி நெருங்கி அடுக்கிக்கொள்ளும், கொஞ்சம் குளிர்ந்தாலே கட்டியாகும். எள்ளும் முதலில் நேராகத்தான் கட்டுகிறது. பிறகு ஒரு நொதியம் வந்து இரண்டு ஐதரசனைப் பிடுங்கி ஒரு வளைவு வைக்கும். இன்னொன்று வந்து இரண்டாவது வளைவு. கோணல் விறகை யார் அடுக்குவது? அதனால்தான் ஓடுகிறது. குளிர் கூடினால் பல செடிகள் அந்த வளைவுகளைக் கூட்டிக்கொள்ளும், தம் கலங்களின் மென்சவ்வு விறைத்துப்போகாமல் இருக்க, சூடேறினால் குறைத்துக்கொள்ளும். கண்ணில்லை, காதில்லை, பனியும் வெயிலும் அவற்றின் கொழுப்புக்குள் தெரிகின்றன!

"மாஸ்டர், வகுப்ப பள்ளிக்கூடத்துல எடுங்க," என்றார் நானா.

மனைவி என்னை விலக்கிவிட்டு முன்னே வந்தாள். "ஒங்க கடை எள்ளையே எடுங்க நானா. ஒங்க செக்குல, ஒங்க கண்ணு முன்னால ஆட்டுங்க. அது உறைஞ்சா என் எண்ணெய நானே தூக்கிட்டுப் போறேன்."

மறுநாள் பிரிஜ்ஜிலிருந்து மூன்று போத்தல்கள் வெளியே வந்தன. தேங்காய் எண்ணெய் மெழுகாய் வெளுத்து அசையாமல் இருந்தது. அவளுடையது ஓடியது. நானா தன் செக்கில் ஆட்டிய சொந்த எள்ளெண்ணெயைச் சரித்தார். அதுவும் ஓடியது, வெட்கமே இல்லாமல்.

பிறகு அவளுடைய எண்ணெயை உள்ளங்கையில் விட்டு முகர்ந்தார், நாக்கில் தொட்டார். கடை அதிரச் சிரித்தார்.

"அப்ப நானும் கலப்படக்காரன்தான்! தங்கச்சி, லொறிய இப்பவே அனுப்புறேன். ஒரு போத்தல் வேற கடைக்குப் போகக்கூடாது."

மனைவி லொறியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சாரதிக்குப் பக்கத்தில் ஒரு இடந்தான் இருந்தது.

"நீங்க பஸ்ல வாங்க, மாஸ்டர்," என்றாள்.