இரண்டாவது ஓலை

எங்கள் சபையில் கல்யாணம் நிச்சயமானால் தொடர்ந்து மூன்று ஞாயிறு ஆராதனையில் மாப்பிள்ளை, பெண் பெயர்களைப் போதகர் வாசிப்பார். ஓலை வாசிப்பது என்போம். எனக்கும் சபையில் பியானோ வாசிக்கிறவனுக்கும் முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாவது வாசிக்கவில்லை.

நான் அப்போது மேற்கத்தியக் குரலிசையில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். மருமகள் கோயிலில் மட்டும் பாடட்டும், மேடையேறிக் காதல் பாட்டெல்லாம் வேண்டாம் என்று அவன் அம்மா சொல்லிவிட்டார். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் நின்று அவன் அதை அப்படியே என்னிடம் ஒப்பித்தான். முடியாது என்றேன். பேசிப் பார்க்கிறேன் என்று ரயிலேறிப் போனான்.

பேசிய லட்சணம் ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. பாடகர் குழுவில் வெள்ளை அங்கியோடு, சபை மொத்தமும் பார்க்க உட்கார்ந்திருக்கிறேன். போதகர் வேறு ஒரு ஜோடியின் ஓலையை வாசித்தார். அடுத்து நாங்கள்தான் என்று நிமிர்ந்தேன். அவர் தாளை மடித்துவிட்டார். எனக்குச் சொல்லாமலே நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். பியானோ முன்னால் இருந்தவன் என் பக்கம் திரும்பவே இல்லை. காணிக்கைப் பாட்டை வாசிக்க ஆரம்பித்தான், நானும் எழுந்து நின்று பாடினேன். அவனுக்கு ஏற்றபடி பாடினேன் என்பதைத்தான் இன்றும் பொறுக்க முடியவில்லை.

அதே வருஷம் வேறொரு பெண்ணோடு அவனுக்கு மூன்று ஓலையும் குறைவில்லாமல் வாசித்தார்கள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பாவம், அவளிடம் யார் என்ன சொல்லியிருப்பார்கள்?

படிப்பு முடிய ஒரு முழுக் கச்சேரி பாடித் தேற வேண்டும். 'தேவ அன்பும் மனித அன்பும்' என்று தலைப்பு வைத்தேன். முன்பாதி கடவுளுக்கு, பின்பாதி மனிதனுக்கு. துணைக்கு வாசிக்கக் கல்லூரியே ஆள் தரும். வேண்டாம் என்றுவிட்டுப் போதகரிடம் போனேன். நம் சபை மண்டபத்திலேயே பாடுகிறேன், நம் பியானோக்காரரே வாசிக்கட்டும் என்றேன். பழைய மனஸ்தாபம் தீர்ந்தது என்று நினைத்தாரோ என்னவோ, அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அறிவிப்புல எங்க ரெண்டு பேர் பேரையும் சேர்த்து வாசிச்சிடுங்க ஐயா. மூணு வாரம் வாசிச்சா நல்லா கூட்டம் வரும்."

மூன்று வாரமும் வாசித்தார். முதல் வாரம் யாரோ இருமினார்கள். அடுத்த வாரம் பெண்கள் பக்கம் கிசுகிசுப்பு. மூன்றாவது வாரம் அவன் அம்மா குனிந்த தலை நிமிராமல் பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தார். போதகர் சபையறிய அறிவித்ததை மறுக்க அவர்களால் முடியவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவன் மேடவாக்கத்துக்குக் குடிபோயிருந்தான். ஒத்திகைகளை வெள்ளிக்கிழமை மாலையாகப் பார்த்து வைத்தேன். கேம்ப் ரோடு சிக்னல் நெரிசலில் வெந்து, வேர்த்து வந்து சேர்வான். பாட்டைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை நான்.

கச்சேரியன்று மண்டபம் நிறைந்திருந்தது. அவன் அம்மா முதல் வரிசை. பின்பாதியின் கடைசிக் காதல் பாட்டில், கடைசி வரிக்கு முன் ஓர் இடைவெளி உண்டு. அதை எவ்வளவு நீட்டுவது என்பது பாடுகிறவள் இஷ்டம். பாடுகிறவள் மூச்சிழுக்கும்வரை பியானோக்காரன் கையைத் தூக்கி வைத்துக் காத்திருக்க வேண்டும். ஒத்திகையில் சிறிதாகத்தான் நிறுத்துவேன். அன்று நிறுத்தியதும் மூச்சிழுக்கவில்லை.

பக்கத்தில் தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஒன்று வந்து, நின்று, கிளம்பிப் போன சத்தம் கேட்டது. தேர்வாளர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வரி மறந்துவிட்டது என்று நினைத்தால் என் படிப்பே போச்சு. தெரிந்தேதான் நின்றேன். அவன் தூக்கிய கையைக் கீழே வைக்க முடியாமல் காத்திருந்தான். கடைசியில் திரும்பி என்னைப் பார்த்தான். கண்ணில் கெஞ்சல். அந்த ஞாயிறு திரும்பாத முகத்தை ஆற அமரப் பார்த்தேன். பிறகு மூச்சிழுத்துப் பாடி முடித்தேன்.

நல்லபடியாகத் தேறிவிட்டேன். அந்த இடைவெளி நன்றாக இருந்தது என்றுகூட ஒரு தேர்வாளர் சொன்னார்.

வாசலில் அவன் அம்மா வந்து, வேறு வழியில்லாமல் என் கையைப் பிடித்தார். முன்பாதி ரொம்ப ஆசீர்வாதமாக இருந்ததாம்.

"பின்பாதில காதல் பாட்டு மொத்தமும் உங்க பையன்தான் ஆன்ட்டி வாசிச்சாரு," என்றேன். "அது எப்படி இருந்துச்சு?"