ரேஸ் சைக்கிளுக்கு ஒரு பெல்

வேலைக்குப் போகவும் காலைப் பயிற்சிக்கும் நடுத்தர விலையில் ஒரு ரேஸ் சைக்கிள் தேடி நுகேகொடைக் கடையொன்றில் நின்றேன். கடைக்காரர் ஒன்றின் குழாயை விரலால் தட்டிக் காட்டினார்.

"அலுமினியம் சேர், பாரமே இல்ல."

அந்த 'ணங்' என்ற சத்தம் என்னை யுத்தகாலக் கொழும்பின் வெள்ளவத்தைக்குக் கொண்டுபோனது. பள்ளிக்கூடச் சீருடையோடு அப்பாவின் சைக்கிள் பாரில் இருப்பேன். சோதனைச் சாவடியில் சிப்பாய் எங்களை இறக்கிவிட்டு, துவக்கு நுனியால் குழாய்களைத் தட்டி, உள்ளே குண்டு ஏதும் அடைத்திருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பான்.

"பின் ஒழுங்கையால போங்கோவன்" என்று அம்மா தினமும் கெஞ்சுவா.

"ஏன் ஒளிச்சுப் போகோணும்? நான் ரோட்டாலதான் போவன்" என்பார் அப்பா.

சாவடியைத் தாண்டியதும் பெல்லை ஒரேயொரு தரம் ஓங்கி அடிப்பார். முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள். பின்னால் அந்தச் சிப்பாய் மட்டும் நிற்பான்.

"இதை எடுக்கிறன். ஒரு பெல் பூட்டித் தாங்கோ" என்றேன் கடைக்காரரிடம்.

கடைக்காரர் சிரித்தார். "ரேஸ் சைக்கிளுக்கு யாரு சேர் பெல் பூட்டுற? பாரம் கூடுமே."

"கூடட்டும். நல்லாச் சத்தம் போடுற பெல்லாப் பாத்துப் பூட்டுங்கோ."